கேட்டுக்கொண்டே இருப்பதன் செலவு

கம்பியில்லா உணரி வலையமைப்பில் பேட்டரியை எப்படி மிச்சப்படுத்துவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தரவு அனுப்புவதைக் குறைப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பத்து நொடிக்கு ஒருமுறை அனுப்பி வந்த வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் பேட்டரி ஆறு மடங்கு நாள் தாங்கும் என்பது அவர்கள் போடும் கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கு, முனைகள், அதாவது உணரியும் ரேடியோவும் பேட்டரியும் கொண்ட சிறு கருவிகள், ஒன்றின் தரவை இன்னொன்று வாங்கிக் கடத்தும் வலையமைப்புகளில் ஏறக்குறைய ஒரு பயனும் தராமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பணம் எந்தப் பையில் ஓட்டை வழியாகப் போகிறது என்று தெரியாமல் வேறு பையைத் தைத்துக்கொண்டிருக்கும் கதை அது.

எண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் உடனே விளங்கும். இத்துறை ஆய்வுகளில் நெடுங்காலம் புழங்கிய டெலாஸ்-பி என்ற முனையை எடுத்துக்கொள்கிறேன். அதில் எம்எஸ்பி430 என்ற மைக்ரோகண்ட்ரோலரும் சிசி2420 என்ற ரேடியோ சில்லும் இருக்கின்றன. இரண்டு ஏஏ அளவுப் பேட்டரிகளில் அது இயங்கும். அந்த ரேடியோ முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. பெறுநிலையில் இருக்கும்போது எடுத்துக்கொள்வது 18.8 மில்லிஆம்பியர். அதாவது பேசுவதைவிடக் கேட்பதற்கே அதிகம் செலவாகிறது. அதிலும், யாராவது பேசினால்தான் இந்தச் செலவு என்றில்லை. காற்றில் ஒரு சமிக்ஞையும் இல்லாதபோதும் ரேடியோ பெறுநிலையில் இருந்தால் அதே 18.8 மில்லிஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த ரேடியோவின் வேகம் நொடிக்கு 250 கிலோபிட், ஒரு பைட்டுக்கு 32 மைக்ரோநொடி. 50 பைட் தரவை, அதன் முன்னே செல்லும் 6 பைட்டையும் சேர்த்து அனுப்ப 1.8 மில்லிநொடி ஆகிறது. நிமிடத்துக்கு இப்படி ஒரு பாக்கெட், அதாவது ஒரு தரவுப் பொட்டலம், அனுப்பினால் அதற்கான செலவை அறுபது நொடிக்கும் பங்கிட்டுப் பார்க்கும்போது சராசரியாக அரை மைக்ரோஆம்பியர்தான் வருகிறது. ரேடியோவை அணைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஆகும் செலவு 18,800 மைக்ரோஆம்பியர். நல்ல கார (அல்கலைன்) பேட்டரியின் கொள்ளளவை 2500 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொண்டால், இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும் முனை ஐந்தரை நாளில் செத்துவிடும். அரை மைக்ரோஆம்பியரைக் கால் மைக்ரோஆம்பியராக்குவதற்கு எவ்வளவு உழைத்தாலும் அந்த ஐந்தரை நாள் மாறப்போவதில்லை.

விதிவிலக்கை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லா முனைகளும் ஒரு மைய நிலையத்தோடு நேரடியாகப் பேசும் லோராவான் போன்ற நட்சத்திர அமைப்புகளில் ஏ வகுப்பு முனை தானாக அனுப்பிய பிறகு மட்டும் இரண்டு சிறு இடைவெளிகளுக்குக் காதைத் திறந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் உறங்குகிறது; மற்ற முனைகளின் தரவைக் கடத்தும் பொறுப்பு அதற்கு இல்லை. அங்கே அனுப்பும் நேரம்தான் பெரிய செலவு. 10 பைட் தரவு கொண்ட ஒரு செய்தி, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், செய்தியை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்பதைக் குறிக்கும் பரவல் காரணி 7-இல் சுமார் 62 மில்லிநொடியில் போய்விடும். அதே செய்திக்குக் காரணி 12-இல் ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். இருபத்துநான்கு மடங்கு வேறுபாடு. அப்படிப்பட்ட வலையமைப்பில் செய்திகளைக் குறைப்பதும், ஆன்டெனாவைச் சற்று உயர்த்தி வைத்துக் குறைந்த காரணியிலேயே பேசவைப்பதும் நேரடியான லாபம். இனி நான் சொல்லப்போவது, ஒரு முனையின் பேச்சை அடுத்த முனை கேட்டாக வேண்டிய வலையமைப்புகளைப் பற்றியது.

வீணாகக் கேட்டுக்கொண்டிருப்பதே முதல் எதிரி என்று தெளிவாக எடுத்துவைத்த ஆய்வுகளில் ஒன்று, வெய் யே, ஜான் ஹைடமன், டெபோரா எஸ்ட்ரின் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட எஸ்-மேக் என்ற, ரேடியோ எப்போது விழிக்க வேண்டும் என்று வகுக்கும் நெறிமுறை. முனைகள் ஒரு நேர அட்டவணையை ஒத்துக்கொண்டு சேர்ந்து விழித்துச் சேர்ந்து உறங்கும் ஏற்பாடு அது. ஆனால் அட்டவணையைக் காப்பாற்றுவதற்கே செய்திகள் தேவைப்பட்டன. பேச ஒன்றும் இல்லாதபோதும் விழித்திருக்கும் நேரம் மாறாமல் இருந்தது. 2004-இல் போலாஸ்ட்ரே, ஹில், கல்லர் ஆகியோர் முன்வைத்த பி-மேக் ஒப்பந்தமே வேண்டாம் என்றது. ஒவ்வொரு முனையும் தன் விருப்பப்படி அவ்வப்போது சில மில்லிநொடி மட்டும் விழித்து, காற்றில் ஏதாவது அசைவு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்கும். அனுப்ப வேண்டிய முனைக்கு எதிரில் உள்ளது எப்போது விழிக்கும் என்று தெரியாது; ஆகவே அந்த விழிப்பு இடைவெளி முழுவதற்கும் நீளும் ஒரு ப்ரியாம்பிளை, அதாவது தரவு வரப்போகிறது என்று உணர்த்தும் முன்சமிக்ஞையை, ஒலித்துவிட்டுப் பிறகுதான் தரவை அனுப்பும். அழகான யோசனை, ஒப்பந்தம் இல்லாததால் நிரலும் சிறியது.

இந்த யோசனையின் விலையை ஒரு கணக்கில் காட்டலாம். முனை நொடிக்கு ஒருமுறை 5 மில்லிநொடி விழித்துப் பார்க்கிறது என்றால் கேட்கும் செலவு சராசரியாக 94 மைக்ரோஆம்பியராக இறங்கிவிடுகிறது. 18,800 எங்கே, 94 எங்கே! ஆனால் இப்போது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் ஒரு நொடி நீள ப்ரியாம்பிள் போக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பாக்கெட் என்றாலும் அதன் சராசரி 290 மைக்ரோஆம்பியர். சற்று முன்பு அரை மைக்ரோஆம்பியராக இருந்த அனுப்பும் செலவு கேட்கும் செலவைத் தாண்டிவிட்டது. விழிப்பு இடைவெளியைப் பத்தில் ஒரு நொடியாகச் சுருக்கினால் அனுப்பும் செலவு 29-க்கு இறங்கும், கேட்கும் செலவு 940-க்கு ஏறும். ஒன்று இடைவெளியோடு வளர்வது, மற்றொன்று இடைவெளி வளர வளரக் குறைவது. இரண்டும் சமமாகும் புள்ளியில்தான் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும். இந்த எண்களுக்கு அந்தப் புள்ளி 0.57 நொடி அளவில் வருகிறது. மொத்தச் செலவு 330 மைக்ரோஆம்பியர். 2500 மில்லிஆம்பியர்-மணிப் பேட்டரி அதில் பத்தரை மாதம் வரும். பக்கத்து முனைகள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத ப்ரியாம்பிளைக் கேட்டு விழித்துக்கொள்ளும் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இந்த 330-ஐ ஒட்டிய இன்னொரு எண் வரலாற்றில் இருக்கிறது. 2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள கிரேட் டக் தீவில், லீச் புயற்பறவைகளின் வளைகளைக் கண்காணிக்க 32 முனைகளை நிறுவியவர்கள், ஒன்பது மாதம் ஆளில்லாமல் இயங்க வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டார்கள். இரண்டு ஏஏ பேட்டரியிலிருந்து 2200 மில்லிஆம்பியர்-மணி கிடைக்கும் என்று கொண்டு, ஒரு நாளைக்கு 8.148 மில்லிஆம்பியர்-மணிதான் செலவழிக்கலாம் என்று ஒரு வரவு செலவுத் திட்டத்தையே எழுதினார்கள். சராசரியாக அது 340 மைக்ரோஆம்பியர். அவர்களுடைய வன்பொருள் இன்று அருங்காட்சியகப் பொருள். ஆனால் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு வடிவமைப்பில் இறங்கும் அந்த ஒழுங்கை நான் இன்றும் அப்படியே பின்பற்றுகிறேன்.

வேறு சில நெறிமுறைகள் அந்த நீண்ட ப்ரியாம்பிளை வெட்டப் பார்த்தன. 2006-இல் வந்த எக்ஸ்-மேக், ஒரே நீண்ட ஒலிக்குப் பதிலாகப் பெறுபவரின் முகவரியைத் தாங்கிய சிறு சிறு பாக்கெட்டுகளை இடைவெளி விட்டு அனுப்பியது. உரியவர் விழித்ததும் இடையிலேயே பதில் சொல்லிவிடலாம். மற்றவர்கள் முகவரியைப் பார்த்ததும் உறங்கிவிடலாம். வைஸ்மேக் வேறு வழியில் போனது: பக்கத்து முனை எப்போது விழிக்கிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டால் அடுத்த முறை அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் தொடங்கினால் போதுமே! ஆடம் டங்கல்ஸ் உருவாக்கிய கான்டிக்கிமேக் இந்த இரண்டையும் இணைத்து, தரவுப் பாக்கெட்டையே பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பியது.

பக்கத்து முனையின் விழிப்பு நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டதும் செலவு மறுபடி இடம் மாறுகிறது. இப்போது எல்லாம் கடிகாரத்தின் கையில். உறக்கத்தில் நேரத்தைக் காப்பது பெரும்பாலும் 32,768 ஹெர்ட்ஸ் கைக்கடிகாரப் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு கூடவோ குறையவோ ஓடலாம் என்பது அதன் உறுதிமொழி. ஒரு முனை 20 பங்கு வேகமாகவும் மற்றொன்று 20 பங்கு மெதுவாகவும் ஓடினால் இரண்டுக்கும் நடுவே நாளொன்றுக்கு மூன்றரை நொடி விலகல் சேரும். கேட்பவர் அந்த விலகலுக்கு இடம் கொடுத்து முன்கூட்டியே எழுந்து காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு, நாம் ஒழிக்கப் பார்த்த அதே வீண் கேட்புதான்.

2012-இல், இத்தகைய சிக்கன ரேடியோக்களுக்கான ஐ.இ.இ.இ. 802.15.4 தரத்தில் திருத்தமாகச் சேர்ந்த டிஎஸ்சிஎச் முறை இதை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. வலையமைப்பு முழுவதும் ஒரே நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும். நேரம் சிறு துண்டுகளாக வெட்டப்படும். எந்தத் துண்டில், எந்த அலைவரிசையில், யாரிடமிருந்து யாருக்கு என்பது அட்டவணையில் இருக்கும். வழக்கமான 10 மில்லிநொடித் துண்டில், பாக்கெட் வர வேண்டிய கணத்துக்கு 1.1 மில்லிநொடி முன்பிருந்து 1.1 மில்லிநொடி பின்புவரை பெறுபவர் காத்திருக்கும். அதற்குள் ஒன்றும் தொடங்கவில்லை என்றால் ரேடியோ அணைந்துவிடும். இரு முனைகளுக்கிடையே பத்து லட்சத்தில் 40 பங்கு விலகல் இருந்தால் இந்த 1.1 மில்லிநொடிச் சலுகை சுமார் 27 நொடியில் தீர்ந்துபோகும். ஆகவே அதற்குள் ஒருமுறையாவது இருவரும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக, பாக்கெட் வந்த கணத்திலிருந்தே விலகலைக் கணித்து, பாக்கெட் கிடைத்தது என்று திருப்பிச் சொல்லும் ஒப்புகைச் செய்தியிலேயே திருத்தத்தைச் சொல்லிவிடலாம் என்பதால், போக்குவரத்து இருக்கும்வரை தனிச் செய்தி தேவையில்லை.

வெயில் ஏறும்போது நிலைமை மாறும். இந்தப் படிகங்கள் 25 பாகை செல்சியஸ் அருகே மிக வேகமாக ஓடுபவை. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும், விலகலின் வர்க்கத்துக்கு ஏற்பப் பின்தங்கும். ஒரு பாகையின் வர்க்கத்துக்குப் பத்து லட்சத்தில் 0.034 பங்கு என்பது வழக்கமான கெழு. கூரைமேல் வெயிலில் 60 பாகைக்குச் சூடான பெட்டிக்குள் இருக்கும் முனை 42 பங்கு அளவுக்குப் பின்தங்கும்; நிழலில் இருக்கும், அதற்கு நேரம் சொல்லும் தாய்முனை அப்படியே இருக்கும். ஆய்வுக்கூட மேசையில் ஒரே வெப்பநிலையில் இருக்கும் முனைகள் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடியதைப் பார்த்துவிட்டு வெளியே கொண்டுபோய் வைத்தால், நண்பகலில் மட்டும் பாக்கெட்டுகள் தொலையும். மாலையில் தானே சரியாகும். ரேடியோவில் குறை தேடுபவருக்கு அது அகப்படாது. சில்லுக்குள்ளேயே இருக்கும் வெப்பமானியைப் படித்து, இந்த வர்க்கக் கணக்கைப் போட்டு நேரத்தைத் திருத்தும் சிறு நிரல்பகுதி, காத்திருப்பு நேரத்தை நீட்டுவதைவிட எப்போதும் மலிவானது.

இவ்வளவும் செய்து ரேடியோவின் சராசரியைச் சில பத்து மைக்ரோஆம்பியருக்குக் கொண்டுவந்துவிட்டால், இதுவரை கண்ணுக்குத் தெரியாத கசிவுகள் மேலே வரும். பேட்டரி அழுத்தத்தை அளக்க இரண்டு 10 கிலோஓம் மின்தடைகளைத் தொடராக வைப்பது வழக்கம். 3 வோல்ட்டில் அவற்றின் வழியே 150 மைக்ரோஆம்பியர் எந்நேரமும் ஓடும். வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் அது மட்டும் இரண்டு ஆண்டுக்குள் பேட்டரியைத் தீர்த்துவிடும். உணரியின் கம்பியில் அதை உயர்நிலையில் பிடித்துவைக்கும் ஒரு 10 கிலோஓம் புல்-அப் மின்தடை இருந்து, உறக்கத்தின்போது அந்தக் கம்பி தாழ்நிலையில் விடப்பட்டால் 300 மைக்ரோஆம்பியர், ஓராண்டுகூடத் தாங்காது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் 1117 வகை ரெகுலேட்டர்கள் தாங்கள் சும்மா இருப்பதற்கே சில மில்லிஆம்பியர் எடுப்பவை. பேட்டரியில் ஓட வேண்டிய பலகையில் அதைப் பார்த்தால் மற்றக் கணக்குகளைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சூடேற்றும் இழை கொண்ட வாயு உணரிகளும் அப்படித்தான். இந்த இடத்தில் எந்த நெறிமுறையும் உதவாது. சுற்றுப்படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மின்தடையாக, ஒவ்வொரு கால்முனையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உறக்கத்தில் 2 மைக்ரோஆம்பியர், விழிப்பில் 18,800: பத்தாயிரம் மடங்கு வீச்சு. மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் அளவீட்டில் வைத்து இணைத்தால் உறக்க மின்னோட்டம் நன்றாகத் தெரியும். ஆனால் பல மீட்டர்களில் அந்த அளவீட்டின் உள்தடை 100 ஓம் அளவில் இருப்பதால், ரேடியோ விழித்த கணத்தில் 1.9 வோல்ட் மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். 3 வோல்ட்டில் மிச்சம் 1.1. முனை அணைந்து மீண்டும் தொடங்கும், மறுபடி விழிக்கும், மறுபடி அணையும். மீட்டரில் ஏதோ ஒரு எண் ஆடிக்கொண்டிருக்கும். சிறு மின்தடையை வைத்து அலைக்காட்டியில் பார்த்தால் விழிப்பின் உருவம் தெரியும்: முதலில் ரேடியோவின் வேகப் படிகம் நிலைகொள்ளும் சிறு படி, பிறகு கேட்புக்கான மேடு, அனுப்புவதற்கான சற்றே தாழ்ந்த மேடு, அனுப்புநிலையிலிருந்து பெறுநிலைக்கு மாறும் 192 மைக்ரோநொடித் திரும்பல், ஒப்புகைக்கான இன்னொரு மேடு, கடைசியில் நிரல் தன் வேலையை முடிக்கும்வரை இழுத்துக்கொண்டு போகும் ஒரு வால். அந்த வாலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒப்புகை வந்த பிறகும் ரேடியோவை அணைக்க மறந்த நிரல்கள் அங்கேதான் பிடிபடும். உறக்க மின்னோட்டத்துக்கு இந்த முறை உதவாது. அளவீட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவி வேண்டும், அல்லது இரண்டையும் தனித்தனியே அளந்து கூட்ட வேண்டும்.

பேட்டரியும் நாம் நினைப்பதுபோல ஒரு தொட்டி அல்ல. சிசி2420-க்குக் குறைந்தது 2.1 வோல்ட் வேண்டும். இரண்டு கார பேட்டரிகளும் ஆளுக்கு 1.05 வோல்ட்டுக்கு இறங்கும்போது உள்ளே இன்னும் சரக்கு இருந்தாலும் முனைக்கு அது பயன்படாது. நெடுங்காலத்துக்கு விரும்பப்படும் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி, சும்மா இருக்கும்போது ஆண்டுக்கு ஒரு சதவீத அளவில்தான் இழக்கும்; அந்தச் சிறப்புக்குக் காரணமே லித்தியத்தின்மேல் தானாகப் படியும் குளோரைடுப் படலம். மாதக்கணக்கில் சில மைக்ரோஆம்பியர் மட்டும் எடுத்துவிட்டுத் திடீரென்று ரேடியோவை எழுப்பினால், அதே படலம் தடையாக நின்று அழுத்தத்தைச் சரியவிடும். பேட்டரிக்கு இணையாக ஒரு நல்ல மின்தேக்கியை வைப்பது இதற்காகத்தான். ஆனால் அந்த மின்தேக்கியின் கசிவும் கணக்கில் சேரும் என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் அடிபடும் லீச் (LEACH) நெறிமுறையைப் பற்றி ஒரு வார்த்தை. 2000-இல் ஹைன்சல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகியோர் முன்வைத்த அது, முனைகளைக் குழுக்களாக்கி, தலைமைப் பொறுப்பைச் சுழற்சியில் விட்டு, தலைமுனை தரவைச் சுருக்கி அனுப்பவைத்தது. முன்னோடியான வேலை என்பதில் ஐயமில்லை. அதைப் பின்பற்றி வந்த எண்ணற்ற மாறுபாடுகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவை பெரும்பாலும் தூரம் குறைந்தால் அனுப்பும் செலவு வெகுவாகக் குறையும் என்ற சூத்திரத்தின்மேல் நிற்கின்றன. சிசி2420-இன் அனுப்பு திறனை முந்நூறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் மின்னோட்டம் 17.4-இலிருந்து 8.5 மில்லிஆம்பியருக்குத்தான் இறங்குகிறது. கேட்கும் செலவோ அசைவதே இல்லை. எல்லாத் தரவும் போய்ச் சேரும் கேட்வேக்கு அருகில் உள்ள முனைகள் மற்ற அனைவரின் பாரத்தையும் சுமந்து முதலில் சாவது உண்மையான பிரச்சினை. அறுபது முனைகளுக்கு நடுவே கேட்வேயை எட்டுபவை மூன்றே மூன்று என்றால், அந்த மூன்றுக்கும் பெரிய பேட்டரி கொடுத்துவிடுவது எந்தச் சுழற்சி முறையையும்விட எளிது.

கடைசியாக, கணக்கில் யாரும் எழுதாத செலவு: அனாதையான முனை. டிஎஸ்சிஎச் வலையமைப்பில் நேர ஒழுங்கை இழந்த முனை, அட்டவணை எதுவும் கையில் இல்லாததால், மீண்டும் ஓர் அறிவிப்புச் செய்தி கேட்கும்வரை ஏதேனும் ஒரு அலைவரிசையில் தொடர்ந்து காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கேட்வேக்கு இரண்டு நாள் மின்சாரம் போனால் எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் இந்த நிலைக்கு வரும். தடையில்லாமல் தேடவிட்டால் அந்த இரண்டு நாளில் 900 மில்லிஆம்பியர்-மணி, அதாவது மூன்று ஆண்டுக்கென்று போட்ட திட்டத்தில் ஓராண்டுக்கு மேல், கரைந்துவிடும். மணிக்குப் பத்து நொடி மட்டும் தேடு என்றால் சராசரி 52 மைக்ரோஆம்பியர்தான். ஆனால் அந்தப் பத்து நொடியில் சரியான அலைவரிசையில் அறிவிப்பு வந்து விழ வேண்டுமே. ஆகவே நான் தொடக்கத்தில் சில நிமிடம் விடாமல் தேடவைத்து, பிறகு ஓய்வு இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி ஒரு மணி நேரத்தில் நிறுத்துகிறேன். கேட்வே தொடங்கியதும் முதல் சில மணி நேரத்துக்கு அது அறிவிப்புகளை நெருக்கமாக அனுப்பும்படியும் வைக்கிறேன், ஏனென்றால் அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது. வலையமைப்பு முழுவதும் மறுபடி கூடுவதற்கு அரை நாள்கூட ஆகலாம். மண்ணின் ஈரத்தையோ கட்டடத்தின் வெப்பநிலையையோ அளக்கும் வலையமைப்புக்கு அந்த அரை நாள் ஒரு பொருட்டல்ல. வாயுக் கசிவை அறிவிக்க வேண்டியது என்றால் அதற்குப் பேட்டரி முனையே பொருத்தமில்லை, கம்பி இழுத்துவிடுவதே சரி.